ஜப்பான் வானும் ஒரு நல்ல பெட்டியும்

போன கிழமை தங்கத்துரையை வானுக்குள் இருத்திவிட்டு வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? கனடாவில், ரூஜ் என்கிற பகுதியில் அவருடைய வீட்டுக் கராஜ். மகன் யசிந்தன் ஜப்பானிலிருந்து கப்பலில் இறக்கிய பழைய வெள்ளை வான். கனடா வந்து முப்பது வருடத்துக்குப் பிறகு, வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள ஒரு வாகனத்தில், ஊரில் பஸ் ஓட்டிய மனிசன் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே தனியே விட்டிருக்கக் கூடாது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் தங்கத்துரையின் மனைவி கோணேஸ்வரிக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. இப்போது மின்சாரச் சக்கர நாற்காலிதான். போன மாரியில், பனிக்குள், காரில் தூக்கி ஏற்றும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகு, இனிக் கார்ப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார். அதற்காகத்தான் யசிந்தன் இந்த வானைத் தேடிப் பிடித்தான். பின்கதவைத் திறந்தால் ஒரு சாய்பலகை இறங்கும். நாற்காலியோடு உள்ளே ஏறி, பெல்ற் போட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

இனித்தான் சிக்கல். கோணேஸ்வரியின் அக்கா, மட்டக்களப்பில் இருக்கும் இராஜேஸ்வரிக்கு இந்தக் கால் கதை தெரியாது. தங்கச்சியும் அக்காவும் வீடியோவில் கதைக்காத கிழமை இல்லை. ஆனால் கோணேஸ்வரி போனைப் பிடிக்கிற பிடியில் முகம் மட்டும்தான் விழும். அந்த அக்காதான் இப்போது கனடா வருகிறார். நாளைக்கு வரவேண்டியவர், இடையில் விமானம் மாறியதால் இன்று பின்னேரமே வந்து இறங்குகிறார். நாளைக்கென்று சொல்லிவைத்த, நாற்காலியோடு ஏறக்கூடிய நகரசபை வண்டியை இன்றைக்கு மாற்ற முடியவில்லை.

“அம்மா, நீங்க வீட்டில நில்லுங்க. நானும் அப்பாவும் போய்ப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறம்,” என்று காலையில் யசிந்தன் சொல்லிப் பார்த்தான்.

“கூட்டிக்கொண்டு வந்து? காருக்குள்ள வைச்சு நீங்க ரெண்டு பேரும் சொல்லுவீங்க. அவ அழுது வீங்கின முகத்தோட என்ர வீட்டு வாசல் ஏறுவா. ஏலாது மகன். என்னைப் பற்றி என்ர அக்காவுக்கு நான்தான் சொல்லவேணும். முதல் ஆளா அவட கண்ணில நான் படவேணும்.”

அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. வான் சேஃப்ரி என்கிற பாதுகாப்புச் சோதனையில் பாஸ் பண்ணவேண்டும். பாஸ் பண்ணினால்தான் நம்பர் பிளேட். பிளேட் இருந்தால்தான் தெருவில் ஓடலாம். எல்லாம் இன்று ஒரே பகலுக்குள்.

பிளேட் இல்லாத வாகனம் என்பதால் இழுவை லொறி ஒன்று வந்து வானை முதுகில் ஏற்றிக்கொண்டது. கோணேஸ்வரி வாசலில் நாற்காலியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் நாலு தேசிக்காய்.

“என்ன மகன் இது? புது வாகனத்தின்ர முதல் பயணம் இன்னொண்டின்ர முதுகிலயா? தேசிக்காயை எந்தச் சில்லுக்குக் கீழ வைக்கிறது?”

“பின்னேரம் வைப்பம் அம்மா. அது ஓடுற வானா வீட்ட வரட்டும்.”

அவன் அவசரத்தில் இருந்தான். அன்று மறுசுழற்சிக் குப்பை எடுக்கிற நாள். கராஜிலிருந்த நீலத் தொட்டியை வீதியோரம் உருட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் கிடந்த ஒரு மட்டைப் பெட்டியையும் தூக்கித் தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு, காரில் ஏறினான். தங்கத்துரை பக்கத்தில் ஏறினார். வழமையாக வாய் ஓயாத மனிசன் அன்று பேசாமல் வந்தார். அவருக்கு உள்ளே ஒரு சந்தோசம். மகனுக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார் அல்லவா!

வாகனம் திருத்துகிற றூபனின் கராஜ் மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் பின்பக்கம். யாழ்ப்பாணத்துப் பெடியன். சிரித்த முகம். ஆனால் சேஃப்ரி என்று வந்துவிட்டால் அந்தச் சிரிப்பை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவான்.

வானை உயர்த்தினான். கீழே போய் லைட் அடித்துப் பார்த்தான். பிறேக்கைக் கழற்றி அளந்தான். ரயர், வைப்பர், ஹோண், பெல்ற், ஒவ்வொன்றையும் படம் எடுத்து ராப்லெட்டில் ஏற்றினான்.

“இப்ப எல்லாத்துக்கும் படம் வேணும் அண்ணை. ஒண்டும் ஒளிக்கேலாது,” என்றான். பிறகு துரு ஏறாத வானின் வயிற்றைத் தட்டினான். “கறளே இல்லை. யசி, நல்ல சாமான் எடுத்திருக்கிறீர்.”

யசிந்தனின் முகம் மலர்ந்தது. எத்தனை இரவு வேலை முடிந்து வந்து, ஜப்பான் ஏலக் கடைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்த வான். சாய்பலகையை இறக்கியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னது.

“இதை நிப்பாட்டத் தெரியேல்ல அண்ணா,” என்றான் யசிந்தன்.

“கதைக்கட்டும், கதைச்சால் ஃபெயில் இல்லை,” என்றான் றூபன்.

கடைசியாக முன் லைட். றூபன் வானைச் சுவருக்கு நேரே விட்டு, கராஜ் விளக்குகளை அணைத்து, வானின் லைட்டைப் போட்டான். போட்டவன் அப்படியே நின்றான்.

“யசி, ஹெட்லைட் மாத்தினனான் எண்டெல்லோ சொன்னனீர்?”

“ஓம் அண்ணா. போன சனிக்கிழமை புதுசு போட்டனான்.”

“இது ஜப்பான் லைட். சுவரைப் பாரும்.”

வெளிச்சம் இடப்பக்கம் மேலேறி விழுந்திருந்தது. ஜப்பானில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. அங்கே இடப்பக்கம் தெருவோரம். இங்கே இடப்பக்கம் என்றால் எதிரே வருகிறவனின் கண். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான் யசிந்தன் வேறு லைட் வரவழைத்து, ஒரு சனிக்கிழமை முழுக்கக் கை வீங்க வீங்கப் பூட்டினான்.

“ஃபெயில்,” என்றான் றூபன். அந்தச் சொல்லைச் சொல்ல அவனுக்கும் விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது.

தங்கத்துரை முன்னுக்கு வந்தார். “தம்பி, இண்டைக்கு ஒரு நாளைக்குப் பாஸ் போட்டு விடுங்களன். நாளைக்குக் கொண்டுவந்து மாத்திறம். நாங்களும் நம்மட ஆக்கள்தானே?”

“நம்மட ஆக்கள் எண்டபடியால்தான் அண்ணை ஏலாது.” றூபன் குரலை உயர்த்தவில்லை. “எதிர வாறவன் கண் கூசிக் கொண்டுவந்து இடிச்சால், நீங்கள் முன்னுக்கு இருப்பியள், பாய்ஞ்சு தப்புவியள். அன்ரி பின்னுக்குக் கட்டின கதிரையில இருப்பா. அவ என்னண்டு தப்புறது?”

 யசிந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு வானைச் சுற்றி வந்தான்.

“நான் பூட்டினது பூட்டினதுதான். ஹௌ? தானா எப்படி மாறும்? ஆர் மாத்தினது?”

“நான்தான்,” என்றார் தங்கத்துரை.

றூபன் கராஜ் விளக்குகளைத் திரும்பப் போட்டான். பக்கத்துக் கடையிலிருந்து கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டது.

“நேற்றுப் பின்னேரம் லைட்டைப் போட்டுப் பார்த்தனான். வெளிச்சம் வலப்பக்கம் ஏறி அடிச்சுது. பொடியன் ஒன்லைனில பிழையான சாமானை எடுத்துப் பூட்டிப்போட்டான், சொன்னால் மனம் நோவான் எண்டு நினைச்சன். பழசு அலுமாரிக்க இருந்தது. நானே எடுத்துப் பூட்டினன்.”

“அப்பா, முப்பது வருசமா வலப்பக்கம்தானே ஓடுறீங்க!”

“ஓம். கார் ஓடயிக்க தெரியுது. அந்த வலக்கைப் பக்கச் சீற்றில ஏறி இருந்த உடன, நான் கல்முனை பஸ்ஸைத்தான் ஓடிக்கொண்டு இருந்தன் மகன். அங்க வெளிச்சம் இடப்பக்கம்தான் விழவேணும். மாடு படுத்திருக்கும்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “நீ அம்மாவுக்காகச் செய்ததை நான் கெடுத்துப்போட்டன்.”

யசிந்தன் வாயைத் திறந்தான். ஏதோ காரமாக வர இருந்தது. தகப்பனின் முகத்தைப் பார்த்தான். வந்ததை விழுங்கிவிட்டான். நல்ல பிள்ளை, நான் முதல் அத்தியாயத்திலேயே சொன்னேனே.

“பரவாயில்ல அப்பா. இன்னும் நேரம் இருக்கு. புது லைட் ரெண்டையும் எங்க வைச்சீங்க?”

“அது வந்த பெட்டிக்குள்ளேயே பத்திரமா வைச்சன். நீலத் தொட்டிக்குப் பக்கத்தில.”

யசிந்தன் சட்டென்று போனை எடுத்தான்.

“அப்பா, பழைய லைட்டை எறிய எண்டு நீங்க அதுக்குள்ள போட்டிருக்கிறீங்க எண்டு நினைச்சு, காலமை நான்தான் அதைத் தூக்கித் தொட்டிக்கு மேல...”

குப்பை லொறி அந்தத் தெருவுக்கு மத்தியானத்துக்கு முதலே வந்துவிடும். அவன் வீட்டுக்குப் போன் அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. தங்கத்துரை வாய்க்குள் மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை கோணேஸ்வரியின் குரல் கேட்டது.

“என்ன மகன், பாஸா?”

“அம்மா, குப்பை லொறி வந்ததா?”

“வந்து போய்ட்டே. ஏன்?”

யசிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். “தொட்டிக்கு மேல ஒரு பெட்டி...”

“அதுவா? அது என்னட்டயல்லோ இருக்கு.”

கதை இப்படி நடந்திருக்கிறது. வாகனங்கள் போன பிறகு கோணேஸ்வரி யன்னலுக்கால் பார்த்திருக்கிறார். தொட்டிமேல் ஒரு பெட்டி. தடித்த மட்டை, ஒரு மூலையும் நசுங்காத புத்தம்புதுப் பெட்டி. அதைப் போய்க் குப்பைக்கு வைத்திருக்கிறார்களே! நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த நாட்டில் எதைக் கண்டால் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கு அனுப்பச் சாமான் கட்டுகிற நல்ல பெட்டியைக் கண்டால் இருக்காது. அக்கா திரும்பிப் போகும்போது சொக்லேற்றும் சோப்பும் உடுப்பும் கட்டிக் கொடுக்க இது அளவான பெட்டி. நாற்காலியை வாசல் சாய்தளத்தால் இறக்கி, வீதியோரம் வரை ஓட்டி, பெட்டியை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். போனை எடுக்கப் பிந்தியதும் அதனால்தான். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இருந்தது எங்க அம்மா? உள்ள ரெண்டு லைட் இருந்ததே!”

“இருந்தது. துவாயில சுத்திக் கட்டிலில வைச்சிருக்கன். கண்ணாடிச் சாமானை எறிவனா நான்?”

யசிந்தன் அப்படியே கராஜ் தரையில் குந்திவிட்டான். “அம்மா, ஐ லவ் யூ,” என்றான்.

“சரி சரி, பாஸா இல்லையா, அதைச் சொல்லு.”

றூபனும் யசிந்தனும் பழைய லைட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். தங்கத்துரை மகனின் காரை எடுத்துக்கொண்டு ரூஜுக்கு வந்தார். கோணேஸ்வரி ஏற்கெனவே லைட் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு பாத்திரத்தையும் வைத்துத் தயாராக இருந்தார்.

“இது என்ன?”

“றோல்ஸ். அக்காவுக்கெண்டு பொரிச்சது. அந்தத் தம்பி இன்னும் மத்தியானம் சாப்பிட்டிருக்காது.” பிறகு மனிசனை ஏற இறங்கப் பார்த்தார். “இஞ்சேருங்க, முகத்தை ஏன் இப்பிடி வைச்சிருக்கிறீங்க? நீங்களும் எனக்கு நல்லது செய்யத்தானே நினைச்சீங்க?”

“நல்லது செய்யிறன் எண்டு உன்னை இண்டைக்கு வீட்டில இருத்தியிருப்பன் கோணேசு. அந்த ஆஸ்பத்திரியில நீ கண் முழிச்ச நாளில இருந்து, உனக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கு விளங்கிறேல்ல. பொடியனுக்கு விளங்குது.”

“பொடியன் வான் எடுத்தான். நீங்க ரெண்டு வருசமா எனக்குத் தலை சீவி இழுத்து விடுறீங்க. ரெண்டும்தான் எனக்கு வேணும்.” கோணேஸ்வரி அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். “போங்க. நேரம் போகுது. மறக்காம அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வாங்க.”

நம் வீடுகளில் நன்றி சொல்கிற பழக்கம் இல்லை என்பார்கள். அது பொய். பாத்திரத்தில் வைத்து மூடிக் கொடுப்போம், அவ்வளவுதான்.

றூபன் அதே சுவருக்கு நேரே வானை நிறுத்தினான். லைட்டைப் போட்டான். வெளிச்சம் வலப்பக்கம் ஏறி, இடப்பக்கம் பணிந்து விழுந்தது. படம் எடுத்தான். ராப்லெட்டில் தட்டினான். பிறகு லாச்சிக்குள் பூட்டியிருந்த சிரிப்பை வெளியே எடுத்தான்.

“பாஸ்.”

யசிந்தன் அவனைக் கட்டிப்பிடித்தான். தங்கத்துரை இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். றோல்ஸில் ஒன்றை வாயில் வைத்தபடியே றூபன், “ஓடுங்கோ அண்ணை, பிளேட் எடுக்கிற இடத்தைப் பூட்டப்போறாங்கள்,” என்றான்.

அங்கே நின்ற வரிசையையும், யசிந்தன் கடைசி ஆளாக உள்ளே ஓடியதையும் நான் விரிக்கவில்லை. நவம்பர் மாதத்து வெளிச்சம் மங்குகிற நேரம், புதுப் பிளேட்டோடு வான் தன் சொந்தச் சில்லில் ரூஜ் வீட்டு வாசலுக்கு வந்தது. கோணேஸ்வரி நாலு தேசிக்காயையும் மகனிடம் நீட்டினார். அவன் நாலு சில்லுக்கும் கீழே வைத்தான். சாய்பலகை இறங்கியது. ஜப்பான்காரி ஏதோ சொன்னாள்.

“ஓம் பிள்ளை, ஏறுறன்,” என்றார் கோணேஸ்வரி.

தங்கத்துரை வலப்பக்கம் ஏறினார். தேசிக்காய்கள் நசிந்தன. போன மாரிக்குப் பிறகு கோணேஸ்வரி தன் வீட்டு வாகனத்தில் தெருவைப் பார்த்தது அன்றுதான். மரங்களில் இலை இல்லை, கடைகளில் நத்தார் விளக்குகள் போட்டுவிட்டார்கள், ஒரு மரக்கறிக் கடைக்குப் பெயர் மாறியிருந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

பெருந்தெருவுக்கு ஏறுமுன் மோர்ணிங்சைட் வீதியில் எதிரே ஒரு கார் வந்தது. ஒரு பெண் ஓட்டிவந்தாள். கை உயர்த்திக் கண்ணை மறைக்கவில்லை. முகம் சுழிக்கவில்லை. நேரே பார்த்தபடி கடந்து போனாள்.

தங்கத்துரை பெருமூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமை கோயிலில றூபன் தம்பியின்ர பேருக்கு ஒரு அர்ச்சனை போடவேணும். அவன் இண்டைக்கு எனக்கு மாட்டேன் எண்டு சொன்னதுக்கு.”

“அவன்ர நட்சத்திரம் தெரியுமா?” என்றார் கோணேஸ்வரி பின்னாலிருந்து.

“கேட்டா சேஃப்ரி மாதிரிப் படத்தோட அனுப்புவார்,” என்றான் யசிந்தன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

விமான நிலையத்தில் அவர்கள் போய் நின்றபோது கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கோணேஸ்வரி நாற்காலியைக் கம்பிக்கு முன்னால், எல்லோருக்கும் முதலாவதாகக் கொண்டுபோய் நிறுத்தினார். சேலை முந்தானையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டார். பிறகு மறைத்து என்ன என்று அதை எடுத்துவிட்டார். 

கதவு திறந்தது. ஒரு விமான நிலையப் பணியாளர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் இராஜேஸ்வரி.

“ஐயோ!” கோணேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். “அக்காவுக்கும் கால் போய்ட்டுதா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!”

இராஜேஸ்வரி தங்கச்சியைக் கண்டார். கண்டதும், தள்ளிக்கொண்டு வந்தவர் நிறுத்துமுன்னே, சடாரென்று எழும்பினார். கைப்பையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு கிடுகிடுவென்று நடந்து வந்தார். வரும்போதே சிரிப்பு.

“என்னகா பயந்திட்டியா? எனக்கு ஒண்டுமில்ல! இங்கிலீசு தெரியாட்டி கதிரை கேளுங்க, வழி தேடாம இருத்தித் தள்ளிக்கொண்டே விடுவாங்க எண்டு ரிக்கற் எடுத்த பொடியன் சொன்னான்.” கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, தங்கச்சியின் நாற்காலியைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார். “நீ முப்பது வருசம் இஞ்ச இருந்தவள். உனக்கும் இங்கிலீசு தெரியாமலா இதில இருக்கிறாய்? எழும்புகா! எழும்பி என்னைக் கட்டிப்பிடி!”

தங்கத்துரை தன் சப்பாத்தைப் பார்த்தார். யசிந்தன் தாயின் பக்கம் ஓரடி வைத்தான். கோணேஸ்வரி வேண்டாமென்று கையைக் காட்டினார்.

அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்தார்.

“எழும்ப ஏலாது அக்கா. ரெண்டு வருசமா ஏலாது. நீ அழுவாய் எண்டு சொல்லேல்ல.” அக்காவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “ஆனா இஞ்ச பார். என்ர மகன் எனக்கெண்டு ஜப்பானில இருந்து ஒரு வான் எடுத்துத் தந்திருக்கான். உன்னைக் கூட்டிக்கொண்டு போக நானேதான் வந்திருக்கன் அக்கா. நானேதான்.”

இராஜேஸ்வரியின் சிரிப்பு நின்றது. தங்கச்சியின் முழங்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அழவில்லை. திரும்பி நடந்து போய், தான் வந்த சக்கர நாற்காலியில் மறுபடி ஏறி உட்கார்ந்தார். தள்ளு என்று பணியாளருக்குக் கையைக் காட்டினார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் தள்ளிக்கொண்டு வந்து, கோணேஸ்வரிக்கு நேரே, முழங்கால் முழங்காலில் முட்ட நிறுத்தினார்.

“இப்ப சொல்லு,” என்றார் இராஜேஸ்வரி, தங்கச்சியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. “உன்ர உயரத்தில இருந்து கேக்கிறன். முழுக்கச் சொல்லு. மறுகா, அந்த வானுக்க ஏறினாப் பிறகு, நான் உனக்குச் சொல்லாததை நானும் சொல்லுறன்.”